அப்பா அம்மா சண்டையும் பிள்ளையின் உடம்பும்: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசுகிறேன். “சாப்பிடவே மாட்டேங்கிறான்”, “பள்ளிக்கூடத்துல எல்லாரையும் அடிக்கிறான்” என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அரைமணி நேரம் பேசினால் பாதிப்பேர் கதை வீட்டில் பெரியவர்கள் இருவருக்கும் நடக்கும் சண்டையில் வந்து நிற்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடு எது? இதற்கெல்லாமா பிள்ளை பாதிக்கப்படும்?

சண்டை இல்லாத வீடு இல்லைதான். கரண்ட் பில் கட்ட மறந்தது, கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது, தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது என்று குரல் உயர்வதும் கொஞ்ச நேரத்தில் அடங்குவதும் எந்தப் பிள்ளையையும் கெடுத்துவிடாது. சொல்லப்போனால், கருத்து வேறுபட்டாலும் மனிதர்கள் சேர்ந்து வாழலாம் என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

எந்தச் சண்டை பாதிக்கும்? 1990-ல் கிரிச், ஃபின்சம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளை ஒரு சண்டையை எப்படி எடைபோடுகிறது என்று விளக்கினார்கள். எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, எவ்வளவு உக்கிரமாக நடக்கிறது, எதைப் பற்றி நடக்கிறது, எப்படி முடிகிறது. இந்த நான்கில் கடைசியை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. என் அனுபவத்தில் அதற்குத்தான் கனம் அதிகம். பிள்ளை சண்டை தொடங்குவதைப் பார்க்கிறது, முடிவதைப் பார்ப்பதில்லை. நீங்கள் இருவரும் ராத்திரி பதினொரு மணிக்குச் சமாதானமாகிவிடுகிறீர்கள். பிள்ளை ஒன்பது மணிக்கே போர்வைக்குள் போய்விட்டது. அதைப் பொறுத்தவரை அந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சண்டை நடக்கும்போது பிள்ளையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தெருவில் நாய் துரத்தினால் நமக்கு என்ன ஆகும்? நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், வயிறு இறுகும், கால் தானாக ஓடத் தயாராகும். ஆபத்து என்று மூளை முடிவுசெய்த நொடியில் நரம்பு வழியாகச் செய்தி போய் அட்ரினலின் சுரக்கிறது. அது முதல் அலை. இரண்டாவது அலை சில நிமிடம் பொறுத்து வரும். மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் ஏறி, ரத்தச் சர்க்கரையைக் கூட்டி, ஓடவோ எதிர்த்து நிற்கவோ தெம்பு கொடுக்கும். ஆபத்து விலகியதும் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப்போய் “போதும், நிறுத்து” என்று சொல்லும். எல்லாம் பழைய நிலைக்கு வரும். நல்ல ஏற்பாடு.

நாய் போய்விடும். வீட்டுச் சண்டை போகாது. பிள்ளைக்கு ஓடிப்போக வேறு வீடும் கிடையாது. பயமுறுத்துகிறவர்களும், பயந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். அதனால்தான் இது மற்றப் பயங்களைவிட ஆழமாகப் போகிறது.

திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சண்டை இல்லாத நேரத்திலும் உடம்பு காவல் காக்கத் தொடங்கிவிடும். இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அப்பா வண்டிச் சத்தத்துலயே தெரிஞ்சிரும் டீச்சர். ஸ்டாண்டை மெதுவாப் போட்டா நல்ல நாள். டங்குன்னு போட்டா நான் உள்ள போயிருவேன்.” ஏழு வயது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அந்தச் சத்தத்துக்காகவே அது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுப்பாடம் எழுதும் கை வேறு, கேட்டுக்கொண்டிருக்கும் காது வேறு.

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, ஆய்வகத்தில் அளந்து பார்க்கக்கூடியது. ஜான் காட்மனும் லின் காட்ஸும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். பெற்றோருக்குள் ஒத்துப்போகாத வீட்டுப் பிள்ளைகளின் சிறுநீரில் மனஅழுத்தத்தைக் காட்டும் வேதிப்பொருள் கூடுதலாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவதிலும் தடுமாறினார்கள்.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? அது தூங்கும்போதுதானே பேசிக்கொள்கிறோம்?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் ஒரு ஆய்வு செய்தார்கள். 6 முதல் 12 மாதம் வரையான 20 குழந்தைகள். தானாகத் தூங்கிய குழந்தைகளை மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அர்த்தமில்லாத வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் ஒலிபரப்பினார்கள். சந்தோஷமான குரல், சாதாரணக் குரல், லேசான கோபம், கடும் கோபம். பெற்றோர் அதிகம் சண்டை போடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், கடும் கோபக் குரலுக்கு மட்டும் சில இடங்கள் கூடுதலாக வேலை செய்தன. மேலே சொன்ன ஹைப்போதலாமஸ் அதில் ஒன்று. தூக்கத்தில்!

வார்த்தை புரிய வேண்டியதில்லை, தொனி போதும். நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல்பக்க முகப்பில் இருமினால் உள்ளே இரண்டாங்கட்டில் கேட்கும். வானம் தெரியும் வளவு, வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. எல்லாம் சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பவை. அறைக்கதவை மூடிக்கொண்டால் தேக்குக் கதவு காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். புதிதாகக் கட்டிய இரண்டு படுக்கையறை வீட்டில் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதுவும் தப்பா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நம் பக்கத்தில் மானம் பெரிது. தெருவுக்குச் சத்தம் போகக்கூடாது, பங்காளிகள் காதில் விழக்கூடாது. அதனால் நம் சண்டைகள் பெரும்பாலும் ஊமைச் சண்டைகள். ஒரு வாரம், ஒரு மாதம், சில வீடுகளில் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. விசேஷத்துக்கு இருவரும் சேர்ந்தே போவார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் பேச்சை யார் சுமக்கிறார்கள் தெரியுமா? பிள்ளை.

ஒரு பையன். அப்போது நாலாம் வகுப்பு. ஊர் கானாடுகாத்தான் பக்கம், நீளமான பழைய வீடு. அம்மா அடுப்படியில், அப்பா முகப்பில். “உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.” பையன் இரண்டாங்கட்டைத் தாண்டி, வளவைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி முகப்புக்குப் போவான். “பசிக்கலைன்னு சொல்லு.” திரும்ப அத்தனை தூரமும் நடப்பான். “பசிக்கலைன்னா ஏன் காலையில சொல்லலையாம்னு கேளு.” மறுபடி. இதில் அவன் வெறும் தூதுவனாகக்கூட இருக்கவில்லை. வழியில் வார்த்தைகளை மாற்றிக்கொண்டிருந்தான். அம்மா சொன்னதில் இருக்கும் முள்ளை எடுத்துவிட்டு அப்பாவிடம் சொல்வான். அப்பா சொன்னதைக் கொஞ்சம் இனிப்பாக்கி அம்மாவிடம் சொல்வான். “அப்பா இன்னும் பத்து நிமிஷத்துல வர்றேன்னாங்கம்மா” என்று அவனே ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொள்வான். அப்பா வராவிட்டால் பொய் சொன்னவன் அவனாகிவிடுவான். ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் சாப்பாட்டு வேளையில் இரண்டு பெரியவர்களின் கல்யாணத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

அவனை என்னிடம் கூட்டிவந்த காரணம், சோறு இறங்கவில்லை என்பது. சாப்பாட்டு நேரம் வந்தாலே குமட்டல். மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சாப்பாடு என்றாலே அந்த உடம்புக்கு ஆபத்து என்று பதிந்துபோயிருந்தது.

கத்துகிற சண்டைக்காவது ஒரு தொடக்கம், ஒரு உச்சம், ஒரு அடக்கம் உண்டு. ஊமைச் சண்டைக்கு முடிவே கிடையாது. பிள்ளை முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே திரியும். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், பாதியில் எழுந்து போய்விடுவதையும் பார்க்கும் பிள்ளைகள் கலங்கிப்போகிறார்கள் என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. பிள்ளையார் நோன்புக்கு, மாவில் திரி வைத்து ஏற்றிய இழையை எடுக்கும்போது, அப்பா அதை அம்மாவின் கையில் கொடுப்பாரா, தட்டில் வைத்துவிட்டுப் போவாரா என்று பார்த்துக்கொண்டு நின்றதாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வீடு, ஒரே சண்டை. பெரியவன் முரடனாகிவிட்டான், சின்னவள் தங்கமாக இருக்கிறாள். அவளுக்குப் பாதிப்பு இல்லைதானே?

எனக்கு அந்தத் தங்கத்தைப் பற்றித்தான் கவலை அதிகம்.

1994-ல் பேட்ரிக் டேவிஸ், மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பிள்ளைக்குப் பசி, தூக்கம் மாதிரி ‘வீடு நிலைக்கும்’ என்ற நம்பிக்கையும் ஒரு தேவை. அது ஆட்டம் கண்டால் பிள்ளை எதையாவது செய்து அதை மீட்கப் பார்க்கும். ஒன்று பதறும், அழும், கத்தும். ஒன்று சண்டைக்குள் புகுந்து விலக்கும், கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்கவைக்கும், சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்து அடிபடும். இன்னொன்று ஒதுங்கிவிடும். எதையும் கேட்காது, எதற்கும் அடம் பிடிக்காது, நூற்றுக்கு நூறு வாங்கும். “நான் தொந்தரவு கொடுக்காமல் இருந்தால் சண்டை வராது” என்று அதற்கு ஒரு கணக்கு.

உடம்பும் இதே மாதிரி பிரிகிறது. சண்டையைப் பார்த்தால் சில பிள்ளைகளுக்குக் கார்டிசால் எகிறுகிறது. சிலருக்கு எழ வேண்டிய அளவுக்குக்கூட எழுவதில்லை. டேவிஸின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டாவது வகை, அடித்தல், முரட்டுத்தனம் போன்ற நடத்தைகளோடு சேர்ந்து வந்தது. அதாவது எதற்கும் அசையாதவன் மாதிரி நிற்கும் பையனின் உடம்பு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஓயாமல் அடித்த அலாரத்தை உடம்பே அணைத்துவைத்திருக்கலாம்.

முரடனை எல்லாரும் கவனிப்பார்கள், ஆசிரியர் கூப்பிட்டு அனுப்புவார், மாமா வந்து புத்தி சொல்வார். தங்கத்தை யாரும் கூப்பிட மாட்டார்கள். தலைவலி, நகம் கடித்தல், தூக்கத்தில் பல் நறநறத்தல், தோழிகளிடமிருந்து விலகுதல், சின்னத் தப்புக்கும் “ஸாரி, ஸாரி” என்று பத்து தரம் சொல்லுதல். இவற்றைப் பாருங்கள். ஆண்பிள்ளை முரடாகும், பெண்பிள்ளை அடங்கும் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். இரண்டையும் இரண்டிலும் பார்த்திருக்கிறேன்.

தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறான். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறானா?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சி, மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே ஒன்றுமில்லை என்றாலும் வலி நிஜம். பதற்றத்தில் இருக்கும்போது செரிமானத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, குடலின் அசைவு மாறுகிறது. சில பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தான் பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் என்ன நடக்குமோ என்ற பயம். வீட்டிலேயே இருந்தால் அம்மாவுக்குக் காவல் இருக்கலாம் என்று ஒரு எண்ணம்.

படிப்பு ஏன் இறங்குகிறது?

தூக்கம்தான் முதல் காரணம். அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் மோனா எல்-ஷேக், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார். 2006-ல் வந்த முடிவு: பெற்றோர் சண்டை அதிகமான வீட்டுப் பிள்ளைகள் குறைவாகத் தூங்கினார்கள், தூங்கியதும் விட்டுவிட்டு. தூங்காத பிள்ளைக்கு வாய்ப்பாடு எங்கே நிற்கும்? டியூஷனை மாற்றிப் பயனில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பணப்பேச்சை எடுப்பதில்லை என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தது. அந்த ஒன்றிலேயே வித்தியாசம் தெரிந்தது.

எங்களுக்குள் சண்டை வருவதே இவனைப் பற்றித்தான். அது இவனுக்குப் புரிகிறதா?

நன்றாகப் புரிகிறது, தப்பாகவும் புரிகிறது. ஃபீஸ் கட்டுவது, மார்க், செல்போன், “உன் செல்லத்தால கெட்டான்” என்று போகும் சண்டையில் பிள்ளை தன் பெயரை மட்டும்தான் கேட்கும். ‘நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்’ என்று அது போய்ச் சேரும் இடம் பயங்கரமானது. தயவுசெய்து பிள்ளை பற்றிய வாக்குவாதத்தைப் பிள்ளை இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்துவிட்டால், “பேச்சு உன்னைப் பத்தி வந்துச்சு, ஆனா தப்பு உன்மேல இல்லை. எப்படிச் செலவு பண்றதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரலை, அதை நாங்க பாத்துக்குவோம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள், தெரியாது.

அப்பத்தா வீட்டில் இருக்கிறார். பெரியவர்கள் இருந்தால் நல்லதா, சிக்கலா?

இரண்டும் நடக்கிறது. சண்டை தொடங்கியதும் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் பக்கத்தில் படுக்கவைத்துக் கதை சொல்லும் அப்பத்தா எந்த மருந்தையும்விட மேல். வீட்டில் ஒரு பெரியவராவது நிதானமாக, நம்பும்படி இருந்தால் பிள்ளை தாக்குப்பிடிக்கும். அதே அப்பத்தா தலையைத் தடவிக்கொண்டே “உங்காத்தா வந்தன்னைக்கே எனக்குத் தெரியும்” என்று சீர்வரிசைக் கணக்கை எடுத்தால் பிள்ளை இரண்டாகக் கிழியும். அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டுக்கு லீவுக்குப் போனால் அங்கே அப்பாவைப் பற்றி இதே பேச்சு. ஒருவரை நேசிப்பது இன்னொருவருக்குச் செய்யும் துரோகம் என்று பிள்ளை நினைக்கத் தொடங்கிவிடும்.

நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ என்ற வழக்கம் உண்டு. ஒரே கூரைக்குக் கீழேதான், ஆனால் தனிச் சமையல், தனிக் கணக்கு. சேர்ந்தும் இருக்கலாம், உரசாமலும் இருக்கலாம் என்று யோசித்த முன்னோரின் புத்தியை நான் மெச்சுகிறேன். எந்தச் சமூகமானாலும் அந்த இடைவெளியை இன்றைக்கும் உண்டாக்கிக்கொள்ளலாம்.

கணவர் சிங்கப்பூரில். சண்டையெல்லாம் போனில்தான். அதுவும் பாதிக்குமா?

பாதிக்கும். இந்தப் பக்கத்தில் கடல்தாண்டிப் போன அப்பாக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அப்போது கடிதம், இப்போது வீடியோ கால். பிள்ளை அம்மாவின் பாதிப் பேச்சை மட்டும் கேட்கிறது, மறுபாதியைத் தானே கற்பனை செய்துகொள்கிறது. கற்பனை எப்போதும் நிஜத்தைவிட மோசம். அப்புறம், அம்மா அழுதுகொண்டே போனைப் பிள்ளையிடம் நீட்டி “அப்பாகிட்டப் பேசு” என்பார். அந்த நேரத்தில் அது என்ன பேசும்?

பிள்ளையோடு பேசும் அழைப்பும் நீங்கள் இருவரும் பேசும் அழைப்பும் தனித்தனியாக இருக்கட்டும். அப்பா லீவில் வரும் மாதத்தையும் கவனியுங்கள். ரெண்டு வருடத்துச் சேமிப்புச் சண்டை அத்தனையும் அந்த முப்பது நாளில் வெளியே வரும். பிள்ளைக்கு அப்பா வருவது என்றாலே பயம் என்று ஆகிவிடக்கூடாது.

சரி, சண்டை போட்டாயிற்று. பிள்ளை பார்த்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முடிந்ததைக் காட்டுங்கள். நான் எழுதியதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்மிங்ஸ் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் பெரியவர்கள் இருவர் கோபமாகப் பேசிக்கொள்ளும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சண்டை தீராமல் முடிந்தால் பிள்ளைகள் மிகவும் கலங்கினார்கள். சமாதானத்தில் முடிந்தால் கலக்கம் பெருமளவு குறைந்தது. சமாதானத்தைக் கண்ணால் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் நடந்ததாகப் பிள்ளை ஊகித்துக்கொண்டாலும், பிறகு வாயால் சொல்லக் கேட்டாலும் பலன் இருந்தது. ஆனால் நிஜமாக இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

எப்படிச் சொல்வது? “நேத்து ராத்திரி நானும் அம்மாவும் சத்தம் போட்டோம். நீ பயந்திருப்ப. நகையை அடகு வைக்கிறதுல எங்களுக்குள்ள தகராறு. பேசி முடிச்சிட்டோம். சத்தம் போட்டது என் தப்பு.” இவ்வளவு போதும். முழு விவரம் வேண்டாம், யார் சரி என்ற தீர்ப்பு வேண்டாம், “நீயே சொல்லுடா யார் தப்புன்னு” என்பது வேண்டவே வேண்டாம். இன்னும் தீரவில்லையென்றால் அதையும் சொல்லலாம்: “இன்னும் முடிவாகலை. ஞாயித்துக்கிழமை பேசுவோம். அதுவரைக்கும் சத்தம் போட மாட்டோம்.”

நம் ஆண்களுக்குப் பிள்ளைமுன் ‘தப்பு’ என்று சொல்வது மலையைத் தூக்குகிற மாதிரி. சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூடப் பிள்ளை தன்னை மதிக்காமல் போய்விட்டதாக வந்து சொல்லவில்லை.

அப்பாவின் கோபம் ரத்தத்திலேயே வந்திருக்கிறது என்கிறார்கள். வளர்ப்பில் என்ன இருக்கிறது?

பிறவிக் குணம் கொஞ்சம் வரும்தான். ஆனால் கோர்டன் ஹெரால்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிறந்தவுடன் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளையும் கவனித்தார்கள். வளர்க்கும் பெற்றோரோடு ரத்த சம்பந்தமே இல்லாத பிள்ளைகள். வளர்ப்புப் பெற்றோரின் சண்டை அவர்களிடமும் தெரிந்தது. சண்டை பெற்றோரின் கையைக் கடுமையாக்குகிறது, கடுமை பிள்ளையின் நடத்தையில் வெளிப்படுகிறது.

பிள்ளைக்காகத்தான் சேர்ந்து இருக்கிறோம். பிரிந்துவிடுவது மேலா?

இதற்கு நான் ஆமாம், இல்லை என்று சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பால் அமாடோவும் அவரது குழுவினரும் அமெரிக்கக் குடும்பங்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-ல் எழுதியது இது: கடும் சண்டை நடந்த வீட்டில் பெற்றோர் பிரிந்தபோது, வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்தே இருந்து சண்டை போட்டவர்களின் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தார்கள். அதிகம் சண்டையில்லாத வீட்டில் திடீரென்று பிரிந்தபோது பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அது அமெரிக்கா. இங்கே பிரிந்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஊர் கொடுக்கும் விலை வேறு. ஆனால் “பிள்ளைக்காக” என்ற வார்த்தையை அடிக்கடி பிள்ளையிடமே சொல்லாதீர்கள். அந்தப் பாரம் அதன் தலையில் ஏறும். பிரிந்தவர்களும் சண்டையைத் தொடர்ந்தால், குடும்பநல நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா பிள்ளையை இழுத்தால், பிரிந்ததன் பலனே இல்லை.

எங்கள் வீட்டில் கை நீட்டுகிறார். இதிலும் பேசிச் சமாதானமாகி, பிள்ளையிடம் காட்ட வேண்டுமா?

இல்லை. மேலே எழுதிய அறிவுரை எதுவும் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. அடிப்பது சண்டையில் சேராது, அது வன்முறை. இங்கே முதல் வேலை பத்திரமாக இருப்பது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,508 பெரியவர்களிடம் அவர்களது சிறுவயதைப் பற்றிக் கேட்டு 1998-ல் வெளியான ஆய்வில், தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்ததும் பிற்கால நோய்களோடு தொடர்புடைய அனுபவங்களில் ஒன்றாக இருந்தது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உங்களுக்கு அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையையும், பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமையையும், பிள்ளையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கேட்கும் உரிமையையும் தருகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவிக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: அடி விழும்போது நடுவில் வரக்கூடாது, பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

ஆலோசனைக்கு எங்கே போவது? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

போனிலேயே தொடங்கலாம். 14416 மத்திய அரசின் இலவச மனநல எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. நேரில் என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சர்க்கரைக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்பவரை யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை மட்டும் தனியாக அனுப்பி “சரி பண்ணிக் கொடுங்க” என்று சொல்வதில் பயனில்லை, பெரியவர்களும் வர வேண்டும்.

தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, சாக வேண்டும் என்று பேசுகிறது என்றால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

இத்தனை வருடம் ஆகிவிட்டது. இனி மாறினால் பிள்ளை மாறுமா?

மாறும். உடம்பு கற்றுக்கொண்டதை உடம்பு மெல்ல மறக்கவும் செய்யும். ஒரு வாரத்தில் நடக்காது. வீடு அமைதியான பிறகும் கொஞ்ச காலம் பிள்ளை நம்பாது, சோதித்துப் பார்க்கும், முன்னைவிட அதிகமாகக்கூட அடம் பிடிக்கும். அந்த நேரத்தில் “இவ்வளவு செஞ்சும் இப்படி இருக்கியே” என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தூதுப் பையன் வீட்டில் ஆறேழு மாதம் ஆனது. அம்மா அப்பா இருவரும் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் பேசினார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, பணத்தகராறு இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அவரவரே போய்ச் சொல்வது. முதல் நாள் ராத்திரி அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தானே முகப்புப் பக்கம் நடந்தாராம். பையன் பழக்கத்தில் எழுந்து பாதித் தூரம் பின்னாலேயே போனான். வளவுத் தூண் பக்கத்தில் நின்றான். அம்மா குரல் கேட்டது, “சாப்பிட வாங்க.” நாற்காலி நகரும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்து நோட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தான்.